விடியுமுன் தூண்டிலோடு கிளம்புகிறவர்களுக்கு: விளக்கை எப்படிப் பிடிப்பது

கடலூர், புதுச்சேரி பக்கம் தூண்டில் போடக் கற்றுக்கொள்கிறவர்கள் ராடு என்ன விலை, நரம்பு எத்தனை கிலோ தாங்கும், உயிர் இறால் எங்கே கிடைக்கும் என்று எல்லாவற்றையும் கேட்கிறார்கள். விளக்கைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. போனில் டார்ச் இருக்கிறதே, போதாதா என்று நினைத்துக்கொள்கிறார்கள். போதாது.

கொடுவாயும் செப்பலியும் வெளிச்சம் மங்கலான நேரத்தில்தான் துணிந்து கரையோரம் இரை தேட வரும். கிழக்கு வெளுக்கும்போது நம் தூண்டில் தண்ணீரில் கிடக்க வேண்டும் என்றால் இருட்டிலேயே நடந்தாக வேண்டும். தாழங்குடாவில் தென்பெண்ணை முகத்துவாரம், முதுநகர்ப் பக்கம் உப்பனாறு, பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு, நோணாங்குப்பத்துச் சுண்ணாம்பாறு என்று எங்கே போனாலும் வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடக்காமல் நல்ல இடம் அமையாது. அந்த நடைக்குத்தான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, வீட்டு வாசலிலிருந்தே சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு நடக்கிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நம் மண்ணில் அது ஆபத்து. நடக்கும்போது மங்கலான வெள்ளை விளக்கு, தண்ணீரோரம் போய் நின்ற பிறகு சிவப்பு. காரணத்தை அந்தந்த இடத்தில் விளக்குகிறேன்.

முந்தின நாள் பகலில்

புதிய இடத்துக்கு முதல் தடவையே இருட்டில் போகாதீர்கள். முந்தின நாள் சாயங்காலம், எந்தப் பாதையில் போகப் போகிறீர்களோ அதே பாதையில் முழுதாக நடந்து பாருங்கள். மீன் எங்கே இருக்கும் என்பதைவிடக் கால் எங்கே மாட்டும் என்பதைத்தான் அன்று பார்க்க வேண்டும்.

முதலில் கிணறு. நம் மாவட்டத்துக் கொல்லைகளில் சுற்றுச்சுவர் இல்லாத தரைக்கிணறுகள் இன்னும் இருக்கின்றன. ஓரமெல்லாம் புல் மண்டிக் கிடந்தால் டார்ச் வெளிச்சத்தில் அது வெறும் புல்தரை போலத்தான் தெரியும். அடுத்தது கம்பி. காட்டுப்பன்றிக்கென்று திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியைச் சில இடங்களில் வரப்போரம் கட்டிவிடுகிறார்கள். அது சட்டப்படி குற்றம். இருந்தும் நடக்கிறது, மனித உயிர்களும் போயிருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே ஓடும் மெல்லிய கம்பி எவ்வளவு நல்ல டார்ச்சிலும் நம்பும்படி தெரியாது. அதனால் குறுக்கு வழி என்று கரும்புக் கொல்லைக்குள்ளோ மணிலா (நிலக்கடலை) கொல்லைக்குள்ளோ இறங்கவே வேண்டாம். பத்து நிமிடம் கூடுதலானாலும் வண்டிப் பாதையிலேயே போங்கள். இறால் பண்ணைக் கரைகளிலும் மோட்டார் வயர்கள் தரையோடு கிடக்கும். பண்ணைக்காரர்களிடம் கேட்காமல் அந்தப் பக்கம் நடக்காதீர்கள்.

சவுக்குத் தோப்பைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால், வெட்டிய தோப்பா வெட்டாத தோப்பா என்று பாருங்கள். வெட்டிய தோப்பில் கணுக்கால் உயரத்துக்கு அடிக்கட்டைகள் நிற்கும். சாய்த்து வெட்டிய கட்டையின் முனை கூராக இருக்கும், மேலே சவுக்குச் செத்தை மூடியிருக்கும். தடுக்கி விழுந்தால் கை ஊன்றுகிற இடத்தில் இன்னொரு கட்டை நிற்கும்.

ஆற்றங்கரையை ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் புது இடமாகவே நினைத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே பாதை இருக்கும், அடியில் மண் அரித்துப் போய்க் குடைந்திருக்கும்.

திரும்பும் இடங்களில் அடையாளம் வைக்கலாம். துணி மாட்டும் கிளிப்பில் ஒரு துண்டு ரிஃப்ளெக்டர் டேப்பை ஒட்டி, கண்ணுக்கு நேரே வரும் கிளையில் மாட்டிவிடுங்கள். மங்கலான டார்ச்சிலும் முப்பது நாற்பது அடி தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். திரும்பும்போது கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன விளக்கு வாங்குவது

இரண்டு விளக்கு வேண்டும். ஒன்று கையில் பிடிக்கும் சிறிய எல்.இ.டி. டார்ச். இன்னொன்று சிவப்பு வெளிச்சமும் தனியாக வரும், நெற்றியில் மாட்டுகிற ஹெட்லைட். போன் மூன்றாவது, அதை விளக்காகக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் 108-க்குக் கூப்பிட அதில் சார்ஜ் இருக்க வேண்டும்.

கடையில் அட்டைமேல் பெரிய பெரிய எண்ணாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். வெளிச்சத்தின் அளவை லூமென் என்று போட்டிருப்பார்கள், நடப்பதற்கு 20 முதல் 50 லூமென் போதும். தூரத்தில் எதையாவது உற்றுப் பார்க்க 150, 200 வரை ஏறினால் நல்லது. டார்ச் எவ்வளவு பிரகாசம் என்பதைவிட எவ்வளவு மங்கலாக வைக்க முடியும் என்பதுதான் முக்கியம். சுவிட்சைப் போட்டதும் மங்கலிலிருந்து தொடங்குகிற டார்ச்சாகப் பார்த்து வாங்குங்கள். சில டார்ச்சுகள் எப்போது போட்டாலும் முழு வெளிச்சத்தில்தான் எரியும், அணைக்க வேண்டும் என்றால் மின்னி மின்னி அடிக்கிற நிலையையும் தாண்டித்தான் போக வேண்டும். இருட்டில் அது பெரிய தொந்தரவு.

முன்பக்கத்தை இழுத்துக் குவிக்கிற ஜூம் டார்ச் நடைக்கு ஆகாது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் பளீரென்று தெரியும், சுற்றி எல்லாம் கறுப்பாகிவிடும். வெளிச்சம் பரவலாக விழ வேண்டும். நிறத்தில், நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சள் கலந்த வெள்ளை நல்லது. பூச்சிகளும் குறைவாக வரும், மண்ணும் சருகும் வேறு வேறாகத் தெரியும்.

உப்புக்காற்றில் புழங்கப் போகிற பொருள் என்பதால் தண்ணீர்க் காப்பையும் பாருங்கள். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். கழிமுகத்தில் கை தவறி விழுவது சாதாரணம் என்பதால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். மணிக்கட்டில் மாட்ட ஒரு கயிறும் கட்டிவிடுங்கள்.

நேரமும் நிலாவும்

கடலூரில் சூரியன் எழுவது ஜூன் தொடக்கத்தில் சுமார் 5.45 மணிக்கு, ஜனவரி கடைசியில் சுமார் 6.35 மணிக்கு. எழுவதற்கு 20, 25 நிமிடம் முன்பே டார்ச் இல்லாமல் நடக்கிற அளவுக்கு வெளுத்துவிடும். அதற்கும் அரை மணி நேரம் முன்னால் இடத்தில் இருப்பது மாதிரி கணக்குப் போட்டுக் கிளம்புங்கள். பகலில் நடந்த நேரத்தைப் போல இருட்டில் ஒன்றரை மடங்கு ஆகும் என்று வைத்துக்கொண்டால் அவசரப்பட வேண்டி இருக்காது. கால் இடறுவது பெரும்பாலும் அவசரத்தில்தான்.

காலண்டரில் திதியையும் ஒரு பார்வை பாருங்கள். தேய்பிறையில் நிலா விடியற்காலை வானத்தில் நிற்கும். பௌர்ணமி கழிந்து ஒரு வாரம் பத்து நாள்வரை நல்ல வெளிச்சம் இருக்கும், திறந்த மணலில் டார்ச்சே வேண்டியிருக்காது. வளர்பிறையில், பௌர்ணமிக்கு ஓரிரு நாள் முன்பு தவிர, நாம் கிளம்புவதற்குள் நிலா மறைந்திருக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் தேய்பிறையின் முதல் வாரத்தில் தொடங்கினால் எளிது.

கண்ணைப் பழக்குவது

இருட்டில் பார்க்க உதவுவது நம் கண்ணில் இருக்கிற குச்சி செல்கள். அவற்றில் ரோடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. பலமான வெளிச்சம் பட்டால் அது சிதைந்துவிடும், மறுபடியும் சேர்ந்து முழுப் பார்வை வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். வயதாக ஆக இன்னும் தாமதமாகும். வண்டியின் ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டு வந்துவிட்டு, இறங்கியதும் விறுவிறுவென்று நடக்கத் தொடங்குகிறவருக்கு முதல் பத்து நிமிடம் பாதிக் குருடுதான்.

அதனால் வண்டியை நிறுத்தியதும் விளக்கை அணைத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். ஷூ லேஸ் கட்டுவது, பையைச் சரிசெய்வது, ராடைப் பிரித்துக் கையில் எடுப்பது எல்லாவற்றையும் மங்கல் வெளிச்சத்தில் நிதானமாகச் செய்யுங்கள். போனைப் பார்க்காதீர்கள். பார்த்தே ஆக வேண்டும் என்றால் திரை வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்துக்கொள்ளுங்கள். எதிரே வண்டி வந்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வண்டி போன பிறகு மூடியிருந்த கண் இருட்டுக்குப் பழகியபடியே இருக்கும்.

கடலூர் சில்வர் பீச் மாதிரி உயரக் கம்பத்தில் விளக்கு எரிகிற இடத்திலிருந்து இருட்டுக்குள் இறங்குகிறீர்கள் என்றால், வெளிச்சம் முடிகிற எல்லையில் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். இருட்டில் ஒன்றை நேராகப் பார்த்தால் தெரியாது, சற்றுப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும். கண்ணின் நட்டநடுவில் குச்சி செல்கள் கிடையாது, அதுதான் காரணம். தண்ணீரோரம் போனபிறகு, மீன் சுழிப்பதைக் கவனிக்கும்போது இது நன்றாகவே உதவும்.

சாலையில்

கடலூர்–புதுச்சேரி சாலை மாதிரி வேகமான சாலையோரம் நடக்க வேண்டி வந்தால், எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலப்பக்கம் நடங்கள். டார்ச் உங்கள் காலடியில் விழட்டும், ஓட்டுநர் கண்ணில் அடிக்காதீர்கள். பையிலும் முழங்கைப் பக்கமும் ரிஃப்ளெக்டர் டேப் இருக்க வேண்டும். கறுப்புச் சட்டை வேண்டாம்.

இடுப்புக்குக் கீழே பிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டால் கை இரண்டும் சும்மா இருக்கும், வசதிதான். ஆனால் நெற்றி விளக்கு கண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெளிச்சம் போகிற திசையும் நாம் பார்க்கிற திசையும் ஒன்றாகிவிடும். கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும். தரை முழுதும் தட்டையாக, மேடு பள்ளம் இல்லாததுபோலத் தெரியும். அரையடிப் பள்ளம் ஒன்று அங்கே இருப்பதே தெரியாது.

அதே விளக்கைக் கையில் எடுத்து, தொடைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு, முன்னால் ஆறேழு அடி தூரத்தில் விழும்படி சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தரையைத் தடவிக்கொண்டு போகும். சின்னக் கூழாங்கல்லுக்கும் விரல் நீள நிழல் விழும். வண்டித் தடம், நண்டு வளை, கயிறு, வேர், அடிக்கட்டை எல்லாம் நிழலோடு எழுந்து நிற்கும். பாதையின் குறுக்கே படுத்திருக்கும் பாம்பு எதுவானாலும், அதன் உடம்புக்கு அந்தப் பக்கம் ஒரு கறுப்புக் கோடு விழும். உடம்பைக் கவனிக்கத் தவறினாலும் அந்தக் கோடு கண்ணில் பட்டுவிடும். ஒரு கையில் ராடு, இன்னொரு கையில் பை என்று இருந்தால், ஹெட்லைட்டின் பட்டையை இடுப்பு பெல்ட்டில் மாட்டிக் கீழ்நோக்கிச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

மார்கழி, தை மாதப் பனியில் இது இன்னும் முக்கியம். நெற்றி விளக்கின் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு நேரே நம் கண்ணுக்கே திரும்பும். எதிரே வெள்ளைத் திரை கட்டினாற்போல் ஆகிவிடும், முழு வெளிச்சம் வைத்தால் இன்னும் மோசம். விளக்கைத் தாழ்த்தி மங்கலாக்கினால் பாதை தெரியும்.

நெற்றி உயரத்துக்கும் ஒரு பயன் உண்டு. ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று, டார்ச்சைக் கண்ணோரம் தூக்கிப் பிடித்து, முன்னாலும் இரண்டு பக்கமும் மெதுவாக ஒரு சுற்று விடுங்கள். கண்ணோரம் பிடித்தால்தான் விலங்குகளின் கண் மின்னுவது தெரியும். மாடு, நாய், நரி, மரநாய் எல்லாம் இப்படித்தான் முதலில் தெரியவரும். பாதை நடுவில் செந்தணல் போல ஒரு புள்ளி தெரிந்து, பக்கத்தில் போனதும் சத்தமே இல்லாமல் எழும்பிப் பறந்தால் அது பக்கி என்கிற இரவுப் பறவை. புல்லில் பச்சையும் நீலமுமாகப் பொடிப்பொடியாக மின்னுவது பெரும்பாலும் சிலந்தி. பாம்பின் கண் இப்படி மின்னாது. கண் மின்னவில்லையே, பாதை காலிதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பாம்பைத் தாழ்ந்த வெளிச்சத்தில் நிழலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

நாலு பேர் சேர்ந்து போனால் எல்லோரும் டார்ச் அடிக்க வேண்டாம். முன்னால் போகிறவர் பாதைக்கு அடிக்கட்டும், கடைசியில் வருகிறவர் தனக்கு முன்னால் போகிறவரின் காலடிக்கு அடிக்கட்டும். நடுவில் வருகிறவர்கள் அணைத்துவைத்தால் அவர்கள் கண்ணாவது இருட்டுக்குப் பழகும். பேச்சுக்குத் திரும்பும்போது ஹெட்லைட் எதிராளி முகத்தில் அடிக்கும், கையால் மறைத்துக்கொண்டு திரும்புங்கள். ராடின் நுனி பின்பக்கம் பார்த்து இருக்கட்டும், தூண்டில் முள்ளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

சிவப்பு விளக்கு ஏன் நடைக்கு ஆகாது

சிவப்பு விளக்கின் பெருமை பொய்யல்ல. குச்சி செல்களை அடர் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகப் பாதிக்காது, இருட்டுப் பார்வை கெடாமல் இருக்கும். அமெரிக்காவில் மான் வேட்டைக்கு விடியுமுன் நடந்து போகிறவர்கள் சிவப்பை விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மானின் கண்ணில் சிவப்பை உணரும் கூம்பு செல் இல்லை, அதனால் அந்த வெளிச்சம் அதற்கு மிக மங்கலாகத்தான் தெரியும். அங்கே சட்டப்படி வேட்டை உண்டு, பருவம் உண்டு, உரிமம் உண்டு. அந்த ஊர்ப் பழக்கம் அங்கே சரி.

நம் பாதையில் என்ன கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கண்ணாடி விரியனின் உடம்பு பழுப்பு, அதன்மேல் சங்கிலி போலக் கருத்த வட்டங்கள். காய்ந்த சருகும் பழுப்பு. வெள்ளை வெளிச்சத்தில் அந்த வட்டங்களின் விளிம்பு கண்ணைப் பிடித்து இழுக்கும். சிவப்பு வெளிச்சத்தில் பழுப்புகள் எல்லாம் வெளிறி ஒரே நிறமாகிவிடும். பாம்பும் சருகும் ஒன்றுபோலத் தெரியும். காலில் முள் கிழித்து ரத்தம் வந்தாலும் சிவப்பு வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. மான் மிரளாமல் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. விரியனை மிதிக்காமல் போக வேண்டும் என்பது நம் கவலை. எனவே நடையில் மங்கலான வெள்ளை. கண்பார்வை கொஞ்சம் கெட்டாலும் பரவாயில்லை, இடத்துக்குப் போய் உட்கார்ந்து அதை மீட்டுக்கொள்ளலாம்.

பாம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம்

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு விஷப்பாம்புகளையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நம் பக்கம் இருட்டில் நடக்க வேண்டும். தை மாதம் சம்பா அறுவடை சமயத்தில் எலிக்காக வயல் வரப்பில் நடமாட்டம் கூடும். விளக்கு மட்டும் போதாது. கணுக்காலை மூடும் ஷூவோ முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸோ போடுங்கள், பாம்புக்கடி பெரும்பாலும் காலில்தான். வேலிக்காத்தான் முள் ரப்பர் செருப்பைத் துளைத்து மேலே வந்துவிடும் என்பதும் செருப்பு வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம். ஒரு கழியால் தரையைத் தட்டிக்கொண்டே போகலாம், பல பாம்புகள் அதிர்வை உணர்ந்து விலகும். ஆனால் கண்ணாடி விரியன் விலகாமல் அப்படியே கிடக்கக்கூடியது. தட்டுகிறோமே என்று பார்க்காமல் நடக்காதீர்கள்.

குக்கர் சத்தம் போடுவது போலச் சீறல் கேட்டால் அப்படியே நில்லுங்கள். டார்ச்சை முழு வெளிச்சத்தில் வைத்து எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள், அப்புறம் வந்த அடியிலேயே பின்வாங்குங்கள்.

கடித்துவிட்டால் உடனே 108. கடிபட்டவரை உட்கார வையுங்கள் அல்லது படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், கொலுசு, வாட்ச் கழற்றுங்கள். காலை அசைக்காமல் ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது எதுவும் கூடாது. பாம்பைப் பிடித்துக்கொண்டு போகவும் வேண்டாம். கட்டுவிரியன் கடியில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, இமை தொங்குவதுதான் முதலில் தெரியும். அதனால் வலிக்கவில்லையே என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். விஷமுறிவு மருந்துக்குக் கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் கோரிமேட்டு ஜிப்மர், பரங்கிப்பேட்டைப் பக்கம் என்றால் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எது பக்கம் என்று முந்தின நாளே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் பார்க்கிற மனிதர்கள்

விடியற்காலை ஆற்றங்கரையும் கடற்கரையும் ஆளில்லாத இடங்கள் அல்ல. படகு தள்ளுகிறவர்கள், வலை சரிசெய்கிறவர்கள், காலைக் கடனுக்கு ஒதுங்குகிறவர்கள் என்று யாராவது இருப்பார்கள். பெண்களும் இருப்பார்கள். புதருக்குப் பக்கம் டார்ச்சை வீசி வீசி அடிப்பது மரியாதையே இல்லை. ஆள் நடமாட்டம் தெரிந்தால் ஒரு தடவை செருமிவிட்டு, வெளிச்சத்தைக் காலடிக்கு இறக்கி, பார்வையைப் பாதையில் வைத்துக்கொண்டு கடந்து போங்கள்.

யாராவது "யாருப்பா அது?" என்று கேட்டால், டார்ச்சை அவர் முகத்தில் அடிக்காமல் உங்கள் கையில் இருக்கிற ராடின்மேல் அடியுங்கள். "தூண்டிலுக்குப் போறேண்ணே" என்று சொன்னால் போதும், அதோடு முடிந்துவிடும். இருட்டில் கொல்லைப் பக்கம் டார்ச் அடித்துக்கொண்டு திரிகிறவரை முயல் பிடிக்க வந்தவராகத்தான் ஊரார் நினைப்பார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுயிர் வேட்டை குற்றம். வனத்துறையின் சந்தேகத்துக்கும் இடம் கொடுக்காதீர்கள். பிச்சாவரம் அலையாத்திக் காடு காப்புக்காடு, ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம். அந்த இரண்டு இடங்களுக்கும் இருட்டில் தூண்டிலோடு போகக் கூடாது.

கடலைப் பார்த்து டார்ச்சை ஆட்டாதீர்கள். கரையிலிருந்து அசைகிற வெளிச்சத்தைப் படகில் இருப்பவர்கள் தங்களுக்கான சைகை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

தெருநாய்கள் குரைத்தால் ஓடாமல் நின்று, வெளிச்சத்தைத் தரையில் வைத்து, மெதுவாகக் கடந்துவிடுங்கள்.

ஆமை வரும் மாதங்கள்

கடற்கரை மணலில் நடக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து கவனிக்க வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். ஏறி வரும்போது வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். ஏழெட்டு வாரம் கழித்துக் குஞ்சுகள் வெளிவரும்போது, கடல்பக்கத்து மெல்லிய வெளிச்சத்தை நம்பித்தான் தண்ணீரைத் தேடிப் போகும். நம் டார்ச் எரிந்தால் அதை நோக்கித் திரும்பிவிடும். நாய்க்கும் காக்கைக்கும் இரையாவது அப்படித்தான்.

இந்த மாதங்களில் ஈர மணலில் விளக்கை அணைத்துவிட்டு நடக்கலாம். செத்தையோ புதரோ இல்லாத திறந்த மணலில் கண் பழகிவிட்டால் அலையின் வெளுப்பே போதும். தேவைப்பட்டால் இங்கே சிவப்பு சரி, அதுவும் மங்கலாக. டிராக்டர் தடம் போல ஒரு தடம் கடலிலிருந்து மேலே ஏறுவது தெரிந்தால் அதைத் தாண்டாமல் தள்ளி நில்லுங்கள். டார்ச் அடிக்காதீர்கள், பிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள். வனத்துறைக்காகவும் தன்னார்வலர்களுக்காகவும் ஆமை முட்டை சேகரிக்கிறவர்கள் அந்நேரம் கரையில் நடந்துகொண்டிருப்பார்கள், அவர்களிடம் இடத்தைச் சொன்னால் போதும்.

தண்ணீரோரம்

தண்ணீருக்கு முப்பது அடி இருக்கும்போதே வெள்ளை விளக்கை அணைத்துவிட்டு நில்லுங்கள். நிற்கப் போகிற இடத்தை மட்டும் ஒருமுறை வெள்ளையில் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: பாம்பு, உடைந்த பாட்டில், யாரோ விட்டுப்போன முள், வலைக் கயிறு. அதற்கப்புறம் சிவப்புதான்.

ஆழமில்லாத கழிமுகத் தண்ணீரில் திடீரென்று வெளிச்சம் விழுந்தால் மடவை மீன் துள்ளும், அதோடு அந்த இடமே கலைந்துவிடும். கொடுவாயின் கண் வெளிச்சம் பட்டால் நெருப்பாக மின்னும், இறாலின் கண்ணும் அப்படித்தான். பார்க்க அழகாக இருக்கும், ஆசையில் திரும்பத் திரும்ப அடித்துப் பார்க்கத் தோன்றும். அடிக்காதீர்கள். அசையாமல் ஒரே இடத்தில் எரியும் விளக்கு சின்ன மீன்களைச் சேர்க்கும், ஆனால் கையோடு அலைகிற விளக்கு பெரிய மீனைத் துரத்தும். தூண்டில் முடிச்சுப் போடவும் இறால் கோக்கவும் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஹெட்லைட்டின் சிவப்பு வெளிச்சத்தை மடிக்குள் விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கு இருக்கும் கெளுத்தி மாட்டினால் மட்டும் தயங்காமல் வெள்ளையைப் போடுங்கள். மீன் மிரண்டாலும் மிரளட்டும், அந்த முள் கையில் ஏறினால் அன்றைய நாள் போச்சு.

இருட்டில் தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். டார்ச் வெளிச்சம் கலங்கல் தண்ணீரின் மேல்மட்டத்திலேயே நின்றுவிடும், அடியில் சேறா, கிளிஞ்சலா, திருக்கையா என்று காட்டாது. வெளுத்த பிறகும் இறங்குவதானால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும்.

வீட்டுக்கு வந்ததும்

டார்ச்சை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். மூடியைக் கழற்றிப் பேட்டரியை வெளியே எடுத்து, மரைப்பக்கம் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் வளையம் காய்ந்திருந்தால் சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டு தடவுங்கள். நிழலில் திறந்தபடி காயவிட்டு, பேட்டரிக்கு அன்றைக்கே சார்ஜ் போட்டுவிடுங்கள். ராத்திரி மூன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து பார்க்கும்போது சார்ஜ் இல்லை என்றால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அடுத்த முறைவரை ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றால், சார்ஜ் ஏற்றிய பேட்டரியைத் தனியாக எடுத்துவைத்துவிட்டு மூடியைத் தளர்வாக மாட்டி வையுங்கள்.